தண்ணீர் சும்மா இருப்பதில்லை



பள்ளி அறிவியல் பாடத்தின் தொடக்கத்திலேயே ஒரு கேள்வி வரும். தண்ணீரில் உப்பு கரைவது இயற்பியல் மாற்றமா, வேதியியல் மாற்றமா? விடை எல்லாருக்கும் மனப்பாடம். இயற்பியல் மாற்றம்தான்; தண்ணீரை வற்றவைத்தால் போட்ட உப்பு திரும்பக் கிடைக்கிறது, புதுப் பொருள் எதுவும் உண்டாகவில்லை. தேர்வில் இதற்கு முழு மதிப்பெண் உண்டு. ஆனால் அந்த விடைக்குப் பின்னால், யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஓர் எண்ணம் இருக்கிறது. உப்பு பொடிப்பொடியாகிப் பரவுகிறது, தண்ணீர் அதற்கு இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான் என்ற எண்ணம். அது தவறு என்று வாதிடத்தான் இன்று வந்திருக்கிறேன். கரைதலில் பெரும்பாடு படுவது கரைப்பான். எது கரையும், எது கரையாது, எவ்வளவு கரையும் என்று முடிவு செய்வதில் கரைபொருளுக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு தண்ணீருக்கும் உண்டு. இதை ஒப்புக்கொள்ளாமல், அன்றாடம் கண்ணில் படுகிற கரைசல்களைக்கூட நம்மால் விளக்க முடியாது.

முதலில் உப்புக்கல்லின் உறுதியைப் பார்ப்போம். அது உருக வேண்டுமானால் 801 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்ற வேண்டும். அதன் படிகத்தில் சோடியம் அயனிகளும் குளோரைடு அயனிகளும் மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் அயனியையும் எதிர்மின்சுமை கொண்ட ஆறு அயனிகள் நெருங்கிச் சூழ்ந்திருக்கின்றன. ஒரு மோல் உப்பை, அதாவது 58.5 கிராமை, ஒன்றையொன்று எட்டாத தனித்தனி அயனிகளாகப் பிரித்தெடுக்க ஏறக்குறைய 787 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். அறை வெப்பநிலையில் இருக்கும் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகத் தேவைப்படும் வெப்பம் அது. ஒரு கைப்பிடி உப்பைப் பிரிக்க இவ்வளவு செலவு என்றால், ஒரு குவளைப் பச்சைத்தண்ணீரில் அடுப்பின் துணையே இல்லாமல் அது எப்படிப் பிரிந்து போகிறது? தண்ணீர் இடம் மட்டும் கொடுக்கிறது என்பவர்களிடம் இதற்குப் பதில் இல்லை. இடம்தான் வேண்டும் என்றால் குவளைக்கு வெளியே காற்றிலும் ஏராளமாக இடம் இருக்கிறது. உப்புக்கல் காற்றில் கரைவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஐரோப்பாவின் பெரிய வேதியியலாளர்கள் இந்தக் கேள்வியைச் சுற்றியே மோதிக்கொண்டார்கள். 1884-இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஸ்வாந்தே அர்ரீனியஸ் தம் ஆய்வேட்டை அளித்தார். அதற்குத் தாழ்ந்த தரம்தான் கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் அவர் அந்தச் சிந்தனையை முழுமையாக்கினார்: உப்பு தண்ணீரில் விழுந்ததுமே அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது, மின்சாரம் பாய்ச்சும்வரை அது காத்திருப்பதில்லை. 1887-இல் இக்கருத்து அச்சேறியது. இதற்கான வலுவான சான்று, எளிய பனிக்கட்டிச் சோதனைகளிலிருந்து வந்தது. ஒரு கிலோ தண்ணீரில் 34.2 கிராம் சர்க்கரையைக் கரைத்தால் உறைநிலை சுமார் 0.19 டிகிரி இறங்கும். அதில் இருப்பது பத்தில் ஒரு மோல் சர்க்கரை. அதே பத்தில் ஒரு மோல் உப்பை, அதாவது 5.85 கிராமை, கரைத்தாலோ சுமார் 0.35 டிகிரி இறங்குகிறது. கிட்டத்தட்ட இரு மடங்கு. உறைநிலைத் தாழ்வு கரைந்திருக்கும் துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பது பிரெஞ்சு அறிஞர் ரவூல்ட் செய்த அளவீடுகளிலிருந்து தெளிவாகியிருந்தது. உப்பு மட்டும் ஏன் இரட்டிப்பு வேலை செய்கிறது என்பதற்கு ஒரு காரணமும் தெரியாமல், டச்சுக்காரரான வான்ட் ஹாஃப் தம் சமன்பாட்டில் ஒரு திருத்தக் காரணியைச் செருகி வைத்திருந்தார். அந்தக் காரணிக்குப் பொருள் சொன்னவர் அர்ரீனியஸ்தான்: ஒரு துகள் இரண்டாகிவிட்டது.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. சோடியத்தைத் தண்ணீரில் போட்டால் வெடிக்கும், குளோரின் மூச்சைத் திணறடிக்கும். இரண்டும் ரசத்தில் மிதக்கின்றன என்றால் யார் நம்புவார்கள் என்று கேட்டார்கள். இதற்குப் பதில் சொல்வது சுலபம். அணு வேறு, மின்சுமை ஏறிய அயனி வேறு. சோடியம் அயனி, இழக்க வேண்டிய எலக்ட்ரானை ஏற்கெனவே இழந்துவிட்டது. இனி தண்ணீரோடு சண்டை போட அதனிடம் எதுவும் மிச்சமில்லை. ஆனால் எளிதில் தள்ளிவிட முடியாத இன்னோர் எதிர்ப்பும் இருந்தது. ரஷ்யாவில் மெண்டலீவும் இங்கிலாந்தில் ஆர்ம்ஸ்ட்ராங்கும் எழுப்பியது அது. கரைசலில் தண்ணீருக்கு வேலையே இல்லை என்பதுபோல் இவர்கள் பேசுகிறார்களே, தண்ணீர் கரைபொருளோடு வேதியியல் முறையில் சேர்கிறதே, அதை எங்கே காணோம் என்று கேட்டார்கள்.

மெண்டலீவ் சும்மா கேட்கவில்லை. தனிம அட்டவணையால் புகழ் பெறுவதற்கு முன்பே, 1865-இல், ஆல்கஹாலும் தண்ணீரும் கலப்பது பற்றித்தான் அவர் முனைவர் ஆய்வேட்டை எழுதியிருந்தார். 50 மில்லிலிட்டர் ஆல்கஹாலோடு 50 மில்லிலிட்டர் தண்ணீரைச் சேர்த்தால் 100 மில்லிலிட்டர் வருவதில்லை; 96, 97 அளவில் நின்றுவிடுகிறது. எடை துளியும் குறைவதில்லை, கன அளவு மட்டும் குறைகிறது. இரு திரவங்களின் மூலக்கூறுகளும் முன்பு தம்முள் நெருங்கியிருந்ததைவிட இப்போது ஒன்றோடொன்று நெருங்கி அமர்ந்திருக்கின்றன. இதைவிட வியப்பானது மெக்னீசியம் சல்ஃபேட். நீரற்ற மெக்னீசியம் சல்ஃபேட்டில் சிறிதளவை நிறையத் தண்ணீரில் கரைத்தால், மொத்தக் கன அளவு தண்ணீர் முன்பிருந்த அளவுக்கும் கீழே இறங்குகிறது. பொருளைச் சேர்க்கச் சேர்க்க இடம் சுருங்குகிறது. மெக்னீசியம் அயனி தன்னைச் சுற்றியிருக்கும் நீர் மூலக்கூறுகளை அவ்வளவு இறுக்கமாக இழுத்துக்கொள்கிறது. தண்ணீர் வெறும் இடம்தான் என்போர் பதில் சொல்ல முடியாத இடம் இது.

இரு தரப்பிலும் பாதி உண்மை இருந்தது என்று இன்று நமக்குத் தெரிகிறது. அர்ரீனியஸ் அயனிகளைக் கண்டார், தண்ணீரை விட்டுவிட்டார். மெண்டலீவ் தண்ணீரைக் கண்டார், அயனிகளை ஏற்க மறுத்தார். இவ்விரண்டையும் சேர்த்தால்தான் கதை முழுமையாகும் என்று முதலில் கண்டவர்களில் ஒருவர் மாஸ்கோவின் கப்லுக்கோவ்; அயனிகளே நீரோடு பிணைகின்றன என்று 1891-இல் எழுதினார். 1913-இல் பிராக் தந்தையும் மகனும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு உப்புப் படிகத்தைப் படித்தபோது, திண்ம உப்பில்கூடச் சோடியம் குளோரைடு என்ற தனி மூலக்கூறு கிடையாது, அயனிகளின் அடுக்குதான் உண்டு என்று தெரிந்தது. ஆர்ம்ஸ்ட்ராங் விடவில்லை. 1927-இலும் சதுரங்கப் பலகை போன்ற இந்த அடுக்கைக் கண்டித்து 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். தண்ணீரைப் பற்றி அவர் சொன்னதில் நியாயம் இருந்ததும் உண்மை, உப்பைப் பற்றிக் கடைசிவரை பிடிவாதமாகத் தவறியதும் உண்மை.

தண்ணீர் செய்கிற வேலைதான் என்ன? நீர் மூலக்கூறில் ஆக்சிஜன் இருக்கும் பக்கம் சற்று எதிர்மின்தன்மையும் ஹைட்ரஜன்கள் இருக்கும் பக்கம் சற்று நேர்மின்தன்மையும் கொண்டவை. உப்புக்கல்லின் மேற்பரப்பில், அதிலும் விளிம்புகளிலும் மூலைகளிலும், அயனிகளைப் பிடித்திருக்கும் துணைகள் குறைவு. நீர் மூலக்கூறுகள் முதலில் அங்கேதான் மொய்க்கின்றன. சோடியத்தை நோக்கி ஆக்சிஜன் பக்கத்தைத் திருப்புகின்றன, குளோரைடை நோக்கி ஹைட்ரஜன் பக்கத்தை. அயனியை உருவியெடுத்துச் சுற்றிலும் உறைபோல் சூழ்ந்துகொள்கின்றன. சோடியத்தைச் சுற்றி ஏறக்குறைய ஆறு மூலக்கூறுகள் நிற்கும். பிரிந்த அயனிகள் மீண்டும் ஒட்டிக்கொள்ளாமலும் தண்ணீர் பார்த்துக்கொள்கிறது. வெற்றிடத்தில் இரு மின்சுமைகளுக்கு இடையே உள்ள விசை, அதே தூரத்தில், தண்ணீருக்குள் சுமார் எண்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பெட்ரோலைச் சேர்ந்த ஹெக்சேனில் அது பாதியாகத்தான் குறையும். ஆகவே உப்பு ஹெக்சேனில் கரையாமல் அடியில் கிடப்பதில் ஆச்சரியமில்லை.

அயனிகளைத் தண்ணீர் இப்படித் தழுவும்போது வெளிவருவது நீரேற்ற ஆற்றல். உப்பில் அது மோலுக்குச் சுமார் 783 கிலோஜூல். கல்யாண வீட்டுக் கணக்குப் போலத்தான் இது: செலவு 787, மொய் வரவு 783, துண்டு விழுவது 4. அந்த நான்கு கிலோஜூலைத்தான் உப்பு தண்ணீரின் வெப்பத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. உப்பு கரையும்போது தண்ணீர் மிக இலேசாகக் குளிர்வது அதனால்தான். யூரியாவிலும் கணக்கு பற்றாக்குறையில்தான் முடிகிறது, அதுவும் மோலுக்குச் சுமார் 15 கிலோஜூல். இலைவழித் தெளிப்புக்கு யூரியா கரைக்கும்போது வாளி சில்லென்று ஆவது விவசாயிகளுக்குத் தெரிந்ததே. சோடியம் ஹைட்ராக்சைடில் வரவு செலவை மிஞ்சிவிடுகிறது. மோலுக்குச் சுமார் 44 கிலோஜூல் வெப்பம் வெளிவந்து பாத்திரம் கொதிக்கிறது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஒவ்வொரு கரைதலிலும் நாம் காண்பது இரு பெருந்தொகைகளின் சிறு வித்தியாசத்தை மட்டுமே. உப்பின் கணக்கில், பெருந்தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கு மாறினாலும் வித்தியாசத்தின் குறி தலைகீழாகிவிடும். சில்வர் ஃபுளோரைடு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கரைகிறது. அதன் தம்பி சில்வர் குளோரைடு லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் அளவில் நின்றுவிடுகிறது. இரண்டும் அயனிச் சேர்மங்கள்தான். ஒத்தது ஒத்ததைக் கரைக்கும் என்ற வாய்பாட்டை மட்டும் வைத்திருப்பவர் இங்கே திகைத்து நிற்க வேண்டியதுதான்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். கணக்கில் நான்கு கிலோஜூல் துண்டு விழுகிறது என்றால் உப்பு கரையவே கூடாதே? ஆற்றல் கணக்கோடு நின்றால் அப்படித்தான். ஆனால் இயற்கை இன்னொன்றையும் பார்க்கிறது: துகள்கள் எத்தனை விதமாக அமரலாம் என்பதை. படிகத்தில் ஒவ்வோர் அயனிக்கும் ஓரிடம் மட்டுமே. கரைசலிலோ எங்கும் அலையலாம். என்ட்ரோபி எனப்படும் இந்தச் சுதந்திரம் உப்பில் கூடுகிறது; நான்கு கிலோஜூல் பற்றாக்குறையைத் தாண்டி அது ஈடுகட்டிவிடுகிறது. சரி, பரவினால் சுதந்திரம் கூடும் என்றால் எல்லாமே கரைந்துவிட வேண்டுமே என்று அடுத்த ஆட்சேபம் வரும். அதற்குப் பதில் சுண்ணாம்புக்கல். கால்சியம் கார்பனேட் கரையும்போது மோலுக்குச் சுமார் 13 கிலோஜூல் வெப்பம் வெளிவருகிறது. அதாவது ஆற்றல் கணக்கில் உப்பைவிட அதற்குத்தான் சாதகம். ஆனாலும் அது லிட்டருக்குச் சில மில்லிகிராம் அளவில்தான் கரைகிறது. கால்சியமும் கார்பனேட்டும் இரட்டை மின்சுமை கொண்டவை. அவை விடுதலை அடையும்போது சுற்றியுள்ள ஏராளமான நீர் மூலக்கூறுகளை வரிசையில் கட்டிப்போட்டுவிடுகின்றன. அயனிக்குக் கிடைத்த சுதந்திரத்தைவிடத் தண்ணீர் இழந்த சுதந்திரம் பெரிது. சாதகமான ஆற்றல் கணக்கைத் தண்ணீரின் நட்டம் விழுங்கிவிடுகிறது. எண்ணெயும் இப்படித்தான். தண்ணீர் எண்ணெயை வெறுத்து விரட்டுகிறது என்று சொல்வது வழக்கம்; ஆனால் மீத்தேன் போன்ற ஹைட்ரோகார்பன் தண்ணீரில் கரையும்போது வெப்பம் வெளிப்படவே செய்கிறது. கரையவிடாமல் தடுப்பது, அந்த மூலக்கூறைச் சுற்றித் தண்ணீர் ஒழுங்காக நிற்க வேண்டியிருக்கும் கட்டாயம். தண்ணீரைக் கணக்கில் சேர்க்காமல் இவற்றில் ஒன்றையும் விளக்க முடியாது.

இனி, பள்ளி விடையின் வலுவான கால் எது என்று பார்ப்போம். தண்ணீர் உப்போடு அவ்வளவு உறவாடுகிறது என்றால், வற்றவைத்தவுடன் உப்பு எப்படி அப்படியே திரும்புகிறது? இது நல்ல கேள்வி. சோடியத்தைச் சுற்றியிருக்கும் நீர் மூலக்கூறு ஒன்று நூறு கோடியில் ஒரு பங்கு வினாடி அளவே அங்கே தங்குகிறது; பிறகு இன்னொன்று அந்த இடத்துக்கு வந்துவிடுகிறது. உறவு வலுவானது, ஆனால் கணநேர உறவு. அதனால் எளிதில் முறிகிறது. எல்லா அயனிகளும் இப்படியல்ல. மெக்னீசியத்தில் அந்தத் தங்கல் ஆயிரம் மடங்குக்கும் மேலாக நீளுகிறது. மூன்று மின்சுமை கொண்ட குரோமியம் அயனியோ ஒரே நீர் மூலக்கூறை நாள்கணக்கில் விடாமல் பிடித்திருக்கிறது. ஒரு கோடியில் சோடியம், மறுகோடியில் குரோமியம். இதில் எந்த இடத்தில் கோடு கிழித்து இதுவரை இயற்பியல், இதற்குமேல் வேதியியல் என்பது? திரும்பக் கிடைக்கிறது என்ற சோதனையும் எல்லா இடத்திலும் செல்லாது. வெள்ளை நிற நீரற்ற காப்பர் சல்ஃபேட்டைக் கரைத்து வற்றவைத்தால் வெள்ளைப் பொடி திரும்பாது. ஐந்து நீர் மூலக்கூறுகளைக் கட்டிக்கொண்ட நீலப் படிகம் வரும். அதையாவது சூடாக்கி வெள்ளையாக்கலாம். கரைத்த மெக்னீசியம் குளோரைடை வற்றவைத்து மேலும் சூடாக்கினால், கூடவே ஒட்டியிருக்கும் தண்ணீர் அதைச் சிதைத்துவிடுகிறது. ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறி, போட்டது வேறு, கிடைப்பது வேறு ஆகிவிடுகிறது. பள்ளிப் பாடம் உப்பையும் சர்க்கரையையும் எடுத்துக்காட்டாகத் தேர்ந்தெடுத்ததால்தான் அந்த விதி தப்பித்திருக்கிறது என்பது என் எண்ணம்.

இதெல்லாம் ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் உரிய நுட்பம் என்று யாரும் எண்ண வேண்டாம். தூத்துக்குடி உப்பளங்களில் இந்தக் கணக்கு வெட்டவெளியில் நடக்கிறது. கடல்நீரின் ஒவ்வொரு கிலோவிலும் சராசரியாக 35 கிராம் உப்புகள் இருக்கின்றன, அவற்றில் முக்கால் பங்குக்கு மேல் சோடியம் குளோரைடு. இந்த நீரை வற்றவைத்தால் எல்லாம் சேர்ந்து ஒரே குவியலாக விழுவதில்லை, வரிசையாக விழுகின்றன. 1849-இல் உசிலியோ என்ற இத்தாலிய வேதியியலாளர் மத்தியதரைக் கடல்நீரைப் படிப்படியாக வற்றவைத்து இந்த வரிசையைப் பதிவு செய்தார். முதலில் கால்சியம் கார்பனேட். நீர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போது ஜிப்சம். பத்தில் ஒரு பங்குக்கு வந்த பிறகுதான் உப்பு. உப்பளத்தில் அடர்த்தியைப் போமே டிகிரியில் அளக்கிறார்கள். மிதவைமானியைப் பாத்தி நீரில் விட்டால் கடல்நீருக்கு மூன்று டிகிரி சொச்சம் காட்டும். 25-ஐ நெருங்கும்போது உப்பு கட்டத் தொடங்கும். அதற்கு முன்பே ஜிப்சம் வேறு பாத்திகளில் படிந்து பிரிந்திருக்க வேண்டும் என்பதால்தான் நீரை ஒரே பாத்தியில் நிறுத்தாமல் அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாற்றிக்கொண்டே போகிறார்கள். உப்பெடுக்க நீரை வற்றவைத்தே ஆக வேண்டும் என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. வெந்நீரில் எல்லாம் அதிகமாகக் கரையும், ஆறவைத்தால் படியும் என்று பொதுவாக நினைக்கிறோம். வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட்டுக்கு அது சரி. 100 கிராம் தண்ணீரில் 20 டிகிரியில் 32 கிராம் கரைவது கொதிநிலையில் 246 கிராமாக உயர்கிறது. வெடியுப்பை ஆறவைத்தே சுத்தம் செய்ய முடிந்தது அதனால்தான். சோறாக்கும் உப்போ 36 கிராமிலிருந்து 39 கிராமுக்கு மட்டுமே ஏறுகிறது. ஆறவைத்துப் பலனில்லை, வெயிலையும் காற்றையும் நம்பி வற்றவைத்தே ஆக வேண்டும்.

அந்த வற்றலிலும் தண்ணீர் விட்டுக்கொடுப்பதில்லை. தூய நீர், காற்றின் ஈரப்பதம் நூறு விழுக்காட்டை எட்டாதவரை ஆவியாகிக்கொண்டிருக்கும். தெவிட்டிய உப்புநீர் அப்படியல்ல. ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால்தான் அது வற்றும். மேலே போனால் காற்றிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் அடுக்களை உப்புஜாடியில் நீர் விட்டிருப்பது இதனால்தான்: யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, உப்பே காற்றிலிருந்து தண்ணீரைத் தேடிப் பிடித்துத் தன்னைக் கரைத்துக்கொள்கிறது. மெக்னீசியம் குளோரைடுக்கு அந்த எல்லை 33 விழுக்காடு. தூத்துக்குடிக் கரையில் காற்று அவ்வளவு வறண்டு போவது அரிது. ஆகவே சோடியம் குளோரைடு படிந்த பிறகும் மெக்னீசியம் கரைசலிலேயே தங்கிவிடுகிறது. போமே டிகிரி ஏற ஏற வற்றலும் மந்தமாகிறது. ஏறக்குறைய 29 டிகிரியைத் தொட்டதும் அந்தக் கசப்பு நீரை வடித்து வெளியேற்றிவிடுகிறார்கள். வடிக்காமல் விட்டால் உப்புக்கல்லின் மேல் மெக்னீசியம் ஒட்டிக்கொள்ளும். உப்பு கசக்கும், மூட்டையில் கட்டி வைத்தாலும் கோடையிலேயே ஈரம் கசியத் தொடங்கும்.